வானத்திலும் இரட்டைக் குவளை

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



ஒரு நாட்டின் விமானப்படைக்கு யார் தலைமை தாங்குகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு தோழர் சிரித்தார். "சுடுகாட்டுப் பாதைக்கே இன்னும் சண்டை நடக்குது, இவர் ஆகாயத்துல பறக்கப் போறாரு" என்றார். நியாயமான சிரிப்புதான். ஆனால் பாதையை மறிக்கிறவனுக்கும் படையை நடத்துகிறவனுக்கும் பொதுவான ஒரு வாதம் இருக்கிறது. "சமூகம் இன்னும் தயாராகலைப்பா. நான் ஒண்ணும் செய்ய முடியாது. மொதல்ல ஊரு மாறட்டும்." தாசில்தாரிடம் இதைக் கேட்டிருக்கிறோம். தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறோம். அமெரிக்கப் படைத் தளபதிகளும் இதையேதான் சொன்னார்கள். அந்த வாதத்தை ஒரு நாட்டின் விமானப்படையில் எப்படி உடைத்தார்கள், யார் உடைத்தார்கள், எவ்வளவு உடைந்தது, எது உடையாமல் நின்றது என்பதுதான் என் பேச்சு.

முதலில் அந்த அமைப்பைத் தெரிந்துகொள்வோம். இங்கே செயலாளர் என்றால் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அமெரிக்காவில் விமானப்படைச் செயலர் என்பவர் கிட்டத்தட்ட ஓர் இலாகா அமைச்சர் மாதிரி. குடியரசுத் தலைவர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தர வேண்டும். சிவில் வாழ்க்கையிலிருந்து வருகிறவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். நெஞ்சு நிறையப் பதக்கம் குத்திய தலைமைத் தளபதி இந்தச் சட்டைக்காரருக்குக் கீழேதான் வேலை பார்க்க வேண்டும். 1947-ல் விமானப்படை தரைப்படையிலிருந்து பிரிந்து தனிப் படையானபோது உருவான பதவி இது. அந்த ஆண்டு செப்டம்பர் 18-ம் தேதி முதல் செயலராகப் பதவியேற்றவர் ஸ்டூவர்ட் சைமிங்டன். எமர்சன் எலக்ட்ரிக் கம்பெனியின் தலைவராக இருந்தவர், வெள்ளைக்கார முதலாளி.

இந்தச் செயலரால் ஒரு விமானத்தைக்கூட 'போய்க் குண்டு போடு' என்று அனுப்ப முடியாது. போர்க் கட்டளை குடியரசுத் தலைவரிடமிருந்து பாதுகாப்புச் செயலர் வழியாகக் களத் தளபதிகளுக்குப் போகிறது. விமானப்படைச் செயலரின் மேசைக்கு அது வருவதில்லை. அப்படியென்றால் இவருக்கு என்ன வேலை? ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, கருவி வாங்குவது, பதவி உயர்வு, இடமாற்றம், தளங்களின் நிர்வாகம். சப்பென்று இருக்கிறதா? தோழர்களே, ஒடுக்குமுறை இருப்பதே இந்தச் சப்பென்ற கோப்புகளில்தான். யாரை உள்ளே விடுவது, யாருக்குக் கற்றுக்கொடுப்பது, யாரை மேலே ஏற்றுவது, யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது. சாதியும் இதே நான்கைத்தானே காலங்காலமாகத் தீர்மானித்து வருகிறது?

இனி வரலாற்றுக்கு வருவோம். 1925-ல் அமெரிக்கத் தரைப்படையின் போர்க் கல்லூரி ஓர் ஆய்வறிக்கை தயாரித்தது. கறுப்பருக்கு மூளை சிறியது, துணிச்சல் குறைவு, தலைமை தாங்கும் குணம் கிடையாது என்கிற பொருளில் எழுதி வைத்தார்கள். கல்லூரி, ஆய்வு, அறிக்கை எல்லாம் உண்டு. மனு எழுதியதற்கு அட்டை மாற்றிப் போட்ட மாதிரி. அந்தக் கருத்தை வைத்துக்கொண்டு 1941 வரை ஒரு கறுப்பரைக்கூடப் படை விமானியாகச் சேர்க்கவில்லை.

பெஞ்சமின் டேவிஸ் என்ற இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். 1932-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். நான்கு வருஷம் யாரும் அவரோடு பேசவில்லை. அறையைப் பகிரவில்லை, சாப்பாட்டு மேசையில் முகம் கொடுக்கவில்லை. நம் ஊரில் அதற்குப் பெயர் ஊர்விலக்கு. அவர் 1936-ல் 276 பேரில் 35-வதாகத் தேறினார். விமானப் பிரிவுக்கு விண்ணப்பித்தார், நிராகரித்துவிட்டார்கள். காரணம் என்ன? கறுப்பருக்கென்று விமானப் பிரிவு இல்லையாம். ஏன் இல்லை? கறுப்பு விமானி இல்லையாம். ஏன் கறுப்பு விமானி இல்லை? நீங்கள் சேர்க்கவில்லை! "தகுதியான ஆள் கெடைக்கலை" என்று நம் இட ஒதுக்கீட்டுப் பணியிடத்தைக் காலியாகவே வைத்திருக்கும் தந்திரமும் இதுதான்.

கறுப்பின இயக்கங்களும் பத்திரிகைகளும் கொடுத்த நெருக்கடியில் 1941-ல் அலபாமாவின் டஸ்கீகியில் ஒரு பயிற்சித் தளம் திறந்தார்கள். கறுப்பருக்கு மட்டும், தனியாக. அங்கே 1946 வரை ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான விமானிகள் தேர்ந்தார்கள். டேவிஸ் முதல் அணியில் ஒருவர். ஐரோப்பியப் போர்முனைக்குப் போனார்கள். 1943-ல் ஒரு வெள்ளைத் தளபதி 'இவர்களுக்குப் போர்க்குணம் போதாது' என்று மேலே எழுதிப் போட்டார். டேவிஸ் வாஷிங்டனுக்கு வந்து குழுவின் முன் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1944 ஜனவரியில் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரை மேலே இரண்டே நாளில் பத்துக்கு மேற்பட்ட எதிரி விமானங்களை அதே படைப்பிரிவு வீழ்த்தியது. அதற்குப் பிறகுதான் அந்த வாய் மூடியது.

இந்த இடத்தில் இன்னொருவரை அறிமுகப்படுத்த வேண்டும். வில்லியம் ஹேஸ்டி. அமெரிக்காவின் முதல் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதியாக இருந்தவர். 1940-ல், தேர்தல் நெருங்கிய நேரத்தில், போர்ச் செயலர் ஹென்றி ஸ்டிம்சனுக்குச் சிவிலியன் உதவியாளராக நியமித்தார்கள். பதவி இருந்தது, மேசை இருந்தது. கோப்பு மட்டும் வரவில்லை. விமானப் பிரிவு தன் முடிவுகளை எடுத்துவிட்டு அவருக்குச் சொல்லாமலே விட்டது. நிற ஒதுக்கலை எதிர்த்து அவர் எழுதிய குறிப்புகள் எல்லாம் அப்படியே கிடந்தன. 1943 ஜனவரியில் ராஜினாமா செய்தார். சும்மா போகவில்லை. காரணத்தைப் பத்திரிகைகளில் எழுதி ஊரறியச் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்டுகளைவிட வெளியே வந்து பேசியது அதிகம் உறைத்தது. விமானப் பிரிவு சில கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது.

ஹேஸ்டியை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மாளு ஒருத்தர் உள்ளே போனாலே போதும் என்று நாம் அடிக்கடி திருப்திப்படுகிறோம். உள்ளே போனவருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருக்கிறதா? அதை யாரும் கேட்பதில்லை.

இனி ஃப்ரீமன் ஃபீல்டுக்கு வருகிறேன். 1945 ஏப்ரல். இண்டியானா மாநிலத்தில் ஒரு விமானத் தளம். குண்டுவீச்சு விமானங்களுக்கான கறுப்பினப் பிரிவு ஒன்று அங்கே பயிற்சியில் இருந்தது. தளபதி வெள்ளைக்காரர், கர்னல் செல்வே. அதிகாரிகள் மாலையில் உட்கார்ந்து பேச, சாப்பிட, குடிக்க இரண்டு கிளப்புகள். ஒன்று 'பயிற்சி பெறுவோருக்கு', இன்னொன்று 'பயிற்சி தருவோருக்கு'. வெள்ளை, கறுப்பு என்ற சொல்லே உத்தரவில் கிடையாது. ஆனால் முதலாவதில் இருந்தவர்கள் எல்லாம் கறுப்பர், இரண்டாவதில் எல்லாம் வெள்ளையர். டீக்கடையில் 'எங்க கடையில சாதி பாக்குறதில்லைங்க, அந்த கிளாஸ் வேற, இந்த கிளாஸ் வேற, அவ்வளவுதான்' என்கிறானே, அதே வித்தை. இத்தனைக்கும் படையின் சொந்த விதிமுறையே அதிகாரிகள் கிளப் எல்லா அதிகாரிகளுக்கும் பொது என்று சொல்லியிருந்தது.

ஏப்ரல் 5-ம் தேதியும் 6-ம் தேதியும் கறுப்பு அதிகாரிகள் சின்னச் சின்னக் குழுவாக அந்த இரண்டாவது கிளப்புக்குள் நுழைந்தார்கள். ஆயுதமில்லை, கூச்சலில்லை. 61 பேரைக் கைது செய்தார்கள். பிறகு செல்வே ஒரு புதிய உத்தரவைத் தயாரித்து, 'படித்தேன், புரிந்தது' என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். போர்க்காலத்தில் மேலதிகாரியின் கட்டளையை மீறினால் மரண தண்டனை வரை போகலாம் என்ற சட்டப் பிரிவையும் காட்டினார்கள். 101 பேர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். உயிர்ப் பயம் காட்டியும் 101 இளைஞர்கள் ஒரு காகிதத்தில் பெயரெழுத மாட்டேன் என்று நின்றதை, கோயில் நுழைவுக்கும் குளத்துத் தண்ணீருக்கும் போராடிய மரபில் வருகிற நாம் நம் வரலாறாகவே படிக்கலாம். அவர்களைக் கெண்டகிக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். கறுப்பின அமைப்புகளும் பத்திரிகைகளும் காங்கிரஸ் உறுப்பினர்களும் எழுப்பிய சத்தத்தில் அந்த மாதமே விடுவித்தார்கள். ஆனால் ஒவ்வொருவர் ஆவணத்திலும் கண்டனக் குறிப்பு ஏறியது. மூன்று பேருக்கு ராணுவ விசாரணை. ரோஜர் டெர்ரி என்ற ஒருவருக்கு மட்டும், மேலதிகாரியை இடித்துத் தள்ளினார் என்று 150 டாலர் அபராதம்.

அந்தச் சமயத்தில் போர்த்துறையின் சிவிலியன் துணைச் செயலர்களில் ஒருவரான ஜான் மெக்ளாய் தலைமையிலான குழு, செல்வே செய்தது படை விதிக்கு முரண் என்ற முடிவுக்கு வந்தது. செல்வேயை மாற்றினார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் யார்? நான்கு வருஷம் யாரும் பேசாமல் ஒதுக்கிய அதே பெஞ்சமின் டேவிஸ். ஆனால் 101 பேர் கையெழுத்துப் போட மறுத்திருக்காவிட்டால் அந்தக் குழு விதிப் புத்தகத்தைத் தூசி தட்டியிருக்குமா?

போர் முடிந்தது. 1946 பிப்ரவரியில் ஐசக் வுடார்ட் என்ற கறுப்பு சார்ஜண்ட், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட அன்றே, சீருடையோடு பஸ்ஸில் ஊருக்குப் போகிறார். தெற்குக் கரோலினாவில் போலீஸ் இறக்கி அடித்து இரண்டு கண்ணையும் குருடாக்கியது. நாட்டுக்காகச் சண்டை போட்டுத் திரும்பியவனுக்கு நாடு கொடுத்த வரவேற்பு! குடியரசுத் தலைவர் ட்ரூமனை இது உலுக்கியது என்று எழுதுகிறார்கள். உலுக்கியிருக்கலாம். ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. 1948-ல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் ட்ரூமன் முகத்துக்கு நேரே சொன்னார்: ஒதுக்கி வைக்கும் படையில் சேரக் கறுப்பு இளைஞர்கள் மறுப்பார்கள். செனட் குழு முன்பும் போய் அதையே சொன்னார். அது தேர்தல் ஆண்டு. வடக்கு மாநிலங்களில் கறுப்பர் ஓட்டு எண்ணப்படும் ஓட்டு.

1948 ஜூலை 26. ட்ரூமன் 9981-ம் எண் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். இன, நிற, மத, தேச வேறுபாடு இல்லாமல் படையில் எல்லோருக்கும் சமமான நடத்துமுறை, சமமான வாய்ப்பு. ஆணையில் 'ஒதுக்கல்' என்ற சொல்லே இல்லை, கவனியுங்கள். ஒழிக்கிறோம் என்றும் சொல்லவில்லை. அதனால் ஆளுக்கு ஆள் பொருள் சொல்ல ஆரம்பித்தார்கள். தரைப்படைத் தளபதி ஒமர் பிராட்லி, சமூகச் சீர்திருத்தச் சோதனைக்குப் படை இடமல்ல, நாடு முதலில் மாறட்டும் என்கிற பொருளில் பேசினார். தரைப்படைச் செயலர் கென்னத் ராயல், அவரும் சிவிலியன்தான், தளபதியோடு சேர்ந்துகொண்டு முட்டுக்கட்டை போட்டார். சிவிலியன் என்ற அடையாளமே ஒருவரை ஜனநாயகவாதி ஆக்கிவிடாது. ஜனநாயகத்தில் படை, சிவிலியனுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சரி. அந்தச் சிவிலியன் யாருக்குக் கீழே இருக்கிறார்? அதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

விமானப்படையில் வேறு மாதிரி நடந்தது. அங்கே ஆட்சேர்ப்புப் பிரிவின் தளபதி இட்வால் எட்வர்ட்ஸ் ஏற்கனவே ஓர் ஆய்வு செய்து வைத்திருந்தார். ஓஹையோ மாநிலம் லாக்பர்ன் தளத்தில் கறுப்பு விமானிகளும் மெக்கானிக்குகளும் ஒரே இடத்தில் அடைந்து கிடந்தார்கள். அங்கே ஓர் இடம் காலியானால் வெள்ளையரைப் போட முடியாது. வேறு தளத்தில் திறமையான ஆள் தேவைப்பட்டால் இங்கே உபரியாக இருக்கும் கறுப்பரை அனுப்ப முடியாது. ஒதுக்கி வைப்பது வீண் செலவு, திறமைக் கேடு என்று கண்டார்கள். நீதிக்காக அல்ல தோழர்களே, காசுக்காகவும் வேலைக்காகவும். சைமிங்டன் அந்தத் திட்டத்தைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டார். 1949 ஜனவரியில் ட்ரூமன், படைச் செயலர்களையும் ஆணையைக் கண்காணிக்க நியமித்த ஃபாஹி குழுவையும் உட்கார வைத்து, எனக்குக் காரியம் நடக்கணும் என்றார். ஒதுக்கலை முற்றாக எடுக்கப் போகிறோம் என்று சைமிங்டன் சொன்னார். நடைமுறைப் பொறுப்பு அவருடைய உதவிச் செயலர் யூஜீன் ஸக்கர்ட்டிடம் போனது. மே 11-ம் தேதி கொள்கை உத்தரவு வெளிவந்தது. ஜூலை 1-ம் தேதி லாக்பர்னின் கறுப்பினப் பிரிவு கலைக்கப்பட்டு, அதிலிருந்தவர்கள் உலகம் பூராவும் உள்ள தளங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள்.

கலகம் வரும், வெள்ளைச் சிப்பாய் ஒரே கொட்டகையில் படுக்க மாட்டான், படை சிதறிவிடும் என்று பயமுறுத்தினார்களே, என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. உத்தரவு வந்தது, கட்டிலை நகர்த்திப் போட்டார்கள், படுத்தார்கள். 1952-க்குள் விமானப்படையில் கறுப்பருக்கென்று தனிப்பிரிவு எதுவும் மிஞ்சவில்லை. நாடு முதலில் மாறட்டும் என்ற தரைப்படையில் இது முடிய 1954 ஆனது. அதுவும் கொரியப் போரில் ஆள் பற்றாக்குறை வந்த பிறகு. ஒரே நாடு, ஒரே சமூகம், ஒரே ஆணை. விமானப்படைச் செயலர் கையெழுத்துப் போட்டார், தரைப்படைச் செயலர் இழுத்தடித்தார். 'சமூகம் தயாராகலை' என்பது எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? தயாராகாமல் இருந்தது சமூகம் அல்ல, மேசைக்குப் பின்னால் இருந்தவர்.

ஆனால் இதைப் புல்லரிக்கும் கதையாகச் சொல்லிவிட்டு நான் உட்கார முடியாது. மூன்று விஷயம் பாக்கி இருக்கிறது.

ஒன்று. லாக்பர்னைக் கலைப்பதற்கு முன் ஒரு குழு உட்கார்ந்து அங்கிருந்த கறுப்பர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்தது. வெள்ளையரோடு சேர்ந்து வேலை செய்யத் தகுதியானவர்தானா என்று. கறுப்பரோடு சேர்ந்து வேலை செய்ய வெள்ளையருக்குத் தகுதி இருக்கிறதா என்று ஒரு வெள்ளையரைக்கூட யாரும் விசாரிக்கவில்லை. சேர்த்துக்கொள்ளும்போதும் தேர்வு எழுதுகிறவன் ஒடுக்கப்பட்டவன்தான். இன்னொரு செய்தி. அதே 1949 மே மாதம் விமானப்படை தன் முதல் துப்பாக்கி சுடும் போட்டியை லாஸ் வேகாஸில் நடத்தியது. உந்துவிசிறி விமானங்களுக்கான பிரிவில் ஜெயித்தது கலைக்கப்படவிருந்த இந்தக் கறுப்பர் அணி. பின்னால் வந்த ஆண்டுமலர்ப் பட்டியல்களில் அந்த ஆண்டு வென்றவர் 'தெரியவில்லை' என்றே பல காலம் அச்சாகியது. கோப்பை ஒரு கிடங்கில் கிடந்து 2004-ல்தான் அகப்பட்டது. தனிச்சேரியை உடைப்பது வேண்டியதுதான். உடைக்கும்போது சேரிக்காரன் ஜெயித்த கோப்பையும் சேர்ந்து காணாமல் போகிறதே, அதற்கு யார் பொறுப்பு?

இரண்டு. தளத்தின் வேலிக்குள்ளே சமத்துவம். வேலிக்கு வெளியே? தென் மாநிலங்களில் கறுப்பு அதிகாரிக்கு வாடகைக்கு வீடு கிடையாது, பிள்ளைக்குப் பொதுப் பள்ளிக்கூடம் கிடையாது. தளத்துக்கு வெளியே நடக்கும் பாகுபாட்டையும் தளபதிகள் எதிர்க்க வேண்டும் என்ற உத்தரவு பாதுகாப்புச் செயலர் மக்னமாராவிடமிருந்து வர 1963 ஜூலை ஆனது. முதல் ஆணைக்குப் பதினைந்து வருஷம் கழித்து.

மூன்று. கையெழுத்துப் போட்ட கைக்கு அழிக்கவும் தெரியும். ஃப்ரீமன் ஃபீல்டுக்காரர்களின் கறையைத் துடைக்க ஐம்பது வருஷம் ஆனது. 1995 ஆகஸ்டில், ரோட்னி கோல்மன் என்ற கறுப்பின உதவிச் செயலர், வயதாகிப்போன அந்த விமானிகள் கூடிய மாநாட்டுக்கு நேரில் வந்து, ரோஜர் டெர்ரியின் தண்டனை ரத்து, கேட்டவர்களின் கண்டனக் குறிப்புகள் நீக்கம் என்று அறிவித்தார். அப்போது விமானப்படைச் செயலராக இருந்தவர் ஷீலா விட்னால், 1993-ல் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அவருக்குப் பின்னும் பெண்கள் வந்தார்கள். செனட் ஒப்புதலோடு ஒரு கறுப்பர் இதுவரை அந்த நாற்காலியில் உட்காரவில்லை. சீருடைப் பக்கம் பாருங்கள். 2020-ல் சார்லஸ் பிரவுன் விமானப்படைத் தலைமைத் தளபதி ஆனார், எந்தப் படைக்கும் அப்படி வந்த முதல் கறுப்பர். 2023-ல் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவரானார். 2025 பிப்ரவரியில் சிவிலியன் அரசு அவரைப் பதவிக்காலம் முடியும் முன்பே நீக்கியது. அதற்கு முந்தைய மாதம், பன்முகத்தன்மைத் திட்டங்களை ஒழிக்கும் உத்தரவைக் காட்டி, டஸ்கீகி விமானிகளைப் பற்றிய காணொளி இருந்த பாடத்தையே புதுச் சிப்பாய்களின் பயிற்சியிலிருந்து எடுத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்ப வைத்தார்கள். 1949-ல் கதவைத் திறந்த அதே அதிகாரம்தான் இது. கதவு இரண்டு பக்கமும் ஆடும்.

நம் நாட்டிலும் படைகளுக்கு மேலே ஒரு சிவிலியன் இருக்கிறார், பாதுகாப்பு அமைச்சர். அந்த நாற்காலியில் ஒரு தலித் உட்கார்ந்திருக்கிறார். ஜகஜீவன் ராம். 1970 முதல் 1974 வரை, பிறகு 1977 முதல் 1979 வரை. 1971 டிசம்பர் போரில் தரைப்படைக்கும் கடற்படைக்கும் விமானப்படைக்கும் மேலே இருந்த அமைச்சர் பீகாரின் சமார் சாதியில் பிறந்தவர். அவருடைய காங்கிரஸ் அரசியலோடு நமக்கு ஆயிரம் முரண்பாடு உண்டு. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு 1978 ஜனவரிக்கு வாருங்கள். வாரணாசியில் சம்பூர்ணானந்த் சிலையை அவர் திறந்து வைத்தார். அப்போது அவர் நாட்டின் பாதுகாப்பு அமைச்சர். அவர் போன பிறகு ஆதிக்கச் சாதி மாணவர்கள் கங்கைத் தண்ணீர் ஊற்றிச் சிலையைக் கழுவினார்கள். போர் விமானங்களுக்கு மேலே உட்கார்ந்திருந்தவர் தொட்டால் கல்லுக்குத் தீட்டு!

அந்த நாற்காலியிலிருந்து படைக்குள்ளே சாதியைப் பற்றி 9981 மாதிரி ஓர் ஆணை வந்ததா? வரவில்லை. நம் தரைப்படையில் இன்றும் சாதிப் பெயர் தாங்கிய படைப்பிரிவுகள் இருக்கின்றன. அண்ணலின் முயற்சியும் சேர்ந்து 1941-ல் உருவான மகர் படைப்பிரிவு உட்பட. விமானப்படையில் அப்படி இல்லை, அது நல்லது. ஆனால் முப்படைகளின் சீருடைப் பணிகளில் எஸ்.சி., எஸ்.டி. இட ஒதுக்கீடு கிடையாது. அப்படியென்றால் விமானியாகப் பறக்கிறவர்களில் நம்மவர் எத்தனை பேர்? ஏர் மார்ஷல் பதவி வரை போனவர்கள் எத்தனை பேர்? கேட்டால் 'படையில் சாதி பார்ப்பதில்லை' என்கிறார்கள். படைகளில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று சச்சார் குழு கேட்டதற்கே 2006-ல் எவ்வளவு கூச்சல்! அமெரிக்கப் படை தன் ஆட்களை இனவாரியாக எண்ணுகிறது. எண்ணியதால் படை சிதறவில்லை. எண்ணியதால்தான் கறுப்பர் எத்தனாவது படியில் நிற்கிறார் என்று கேள்வி கேட்க முடிகிறது. எண்ணாமல் விடுவது ஒன்றும் சாதி ஒழிப்பு இல்லை.

2020 ஜனவரியிலிருந்து இன்னொரு மாற்றம். முப்படை விவகாரங்களுக்கென்று ராணுவ விவகாரத் துறை என்று ஒன்றைத் தொடங்கி, அதன் செயலாளராகச் சீருடை அணிந்த முப்படைத் தலைமைத் தளபதியையே உட்கார வைத்திருக்கிறார்கள். படைகளின் அன்றாட நிர்வாகக் கோப்புகள் இப்போது அந்த மேசைக்குப் போகின்றன. இதனால் வேலை சுலபமாகும் என்கிறார்கள். ஆகலாம். என் கவலை வேறு. யாரை எடுப்பது, யாரை உயர்த்துவது என்ற கோப்பு சீருடைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தால், ஃப்ரீமன் ஃபீல்டில் நுழைந்த மாதிரி நாம் எந்தக் கதவு வழியாக நுழைவது? மக்களிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவரின் மேசையில் கோப்பு இருந்தால் அவரை நாம் மறிக்கலாம், கேள்வி கேட்கலாம், தோற்கடிக்கலாம். தளபதியை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது? சிவிலியன் தலைமை நமக்கு ஏன் வேண்டும் என்றால், அவர் நல்லவர் என்பதற்காக அல்ல. அவர் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார் என்பதற்காக.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். விமானப்படை அதிகாரித் தேர்வு ஆண்டுதோறும் நடக்கிறது. நம் விடுதிகளில் எத்தனை பேருக்கு அந்த விண்ணப்பம் பற்றித் தெரியும்? முதலில் விடுதி விடுதியாகப் போய்ச் சொல்லுங்கள், எழுத வையுங்கள். டஸ்கீகியில் பறக்கக் கற்றவர்கள் இருந்ததால்தான் ஃப்ரீமன் ஃபீல்டில் கையெழுத்துப் போட மறுக்க ஆள் இருந்தது. அதே நேரத்தில் நம் தொகுதி எம்.பி. யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், நாடாளுமன்றத்தில் மூன்று கேள்வி கேட்கச் சொல்லி எழுதுங்கள். முப்படைகளின் அதிகாரிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? பயிற்சியில் சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை? மேல் பதவிகளில் எத்தனை? 'கணக்கு வைப்பதில்லை' என்று பதில் வந்தால் அந்தப் பதிலையே துண்டறிக்கையாக அச்சடித்து ஊர் ஊராகக் கொடுங்கள். ட்ரூமன் பேனா எடுத்ததற்குப் பின்னால் 101 பேர் பேனாவைத் தொட மறுத்த கதை இருக்கிறது. நமக்கு இப்போது வேண்டியது அந்த 101 பேர்.

ஜெய் பீம்.